டிஸம்பர் பதினொன்று

டிஸம்பர் மாதம் 11-ந் தேதி வந்தால் தமிழ்நாடெங்கும் பாரதியார் படத்திற்கு மாலை விழும். 1882-ம் வருஷம் அத்தேதியில்தான் எட்டயபுரத்தில் மகாகவி பிறந்தார். அதே தேதியில் 1998-ல் பம்பாயில் ஹிந்திக் கவி பிரதீப்பும், 2004-ல் சென்னையில் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியும், 2012-ல் அமெரிக்காவில் ஸிதார் வித்வான் பண்டித ரவிசங்கரும் காலமானார்கள். ஒரு ஜனனம், மூன்று மரணங்கள். பஞ்சாங்கக்காரர் இதற்குக் கிரகக் காரணம் கற்பிக்கட்டும். நமது கவலை வேறு. ஜனங்களுக்கென்று கொடுத்த பாட்டும், பாட்டினால் வந்த பொருளும் உரியவரிடம் போய்ச் சேருமுன் எத்தனை கைகள் அவற்றைப் பிடித்து வைக்கின்றன!

பாரதியாரின் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1908-ல் ‘ஸ்வதேச கீதங்கள்’ வெளியாயிற்று. 1928-ல், அவர் இறந்து ஏழு வருஷங்களுக்குப் பின்னும், அன்னிய சர்க்கார் அவர் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. அதில் வியப்பில்லை, பயந்தவன் செய்யும் காரியம் அது. வியப்பு பின்னால் வந்தது. ஒலிப்பதிவு உரிமை வியாபாரச் சரக்காகக் கைமாறிப் படமுதலாளி ஏவி. மெய்யப்பனிடம் சேர்ந்தது. 1948-ல் டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு வந்ததற்காகத் தகராறு எழுந்தது. தேசம் விடுதலை பெற்றுவிட்டது, பாட்டு விடுதலை பெறவில்லை! தேசாபிமானிகளும் எழுத்தாளரும் கிளர்ச்சி செய்ததன் பலனாக 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையை ஏற்றது. மெய்யப்பனும் விலை கேளாமல் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். பின்னர் அது பொதுவுடைமையாயிற்று. இன்று பாரதி பாட்டைப் பாட எவரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

பிரதீப்பின் கதை அவ்வளவு மங்களமானதன்று. 1943-ல் ‘கிஸ்மத்’ என்னும் பேசும்படத்தில் அன்னியனை வெளியேறச் சொல்லிப் பாட்டெழுதியவர் அவர். கைதுக்கு அஞ்சி மறைந்து வாழவும் நேர்ந்தது. 1962-ம் வருஷத்துச் சீனப் போரில் மாண்ட ஜவான்களுக்காக அவர் இயற்றிய கீதத்தை, 1963 ஜனவரி 27-ந் தேதி டில்லியில் பண்டித நேரு முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடினார். அதன் வருமானம் போரில் கணவரை இழந்த ஸ்திரீகளின் நிதிக்கென்று விடப்பட்டது. கீதம் ஒவ்வொரு குடியரசு தினத்திலும் முழங்கியது. நிதிக்குப் பணம்? 2005-ம் வருஷம் பம்பாய் ஹைக்கோர்ட்டு இசைத்தட்டுக் கம்பெனியைப் பத்து லக்ஷம் ரூபாய் கட்டச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. கவி அப்போது உயிரோடில்லை. நாற்பத்திரண்டு வருஷங்களில் அந்த விதவைகளில் எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பார்கள்?

கடல் கடந்தாலும் இதே கதைதான். 1971 ஆகஸ்டு 1-ந் தேதி, கிழக்கு வங்காள அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிஸனும் நியூயார்க்கில் கச்சேரி நடத்தினர். இசைத்தட்டுப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க வருமானவரி இலாகாவின் பிடியில் வருஷக்கணக்காகச் சிக்கிக் கிடந்தது. பட்டினிக்குத் தவணை உண்டோ?

ஸ்ரீமதி சுப்புலக்ஷ்மி இதில் பாக்கியசாலி. 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்கென்று தொடங்கிக் கணக்கற்ற தருமக் கச்சேரிகள் செய்தார். அவருக்கு 1974-ல் கிடைத்த மகசேசே பரிசு சங்கீதத்திற்கன்று, பொதுஜன சேவைக்கு.

பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் தமது ராயல்டிப் பங்கைப் படமுதலாளிக்கு எழுதிக்கொடுத்து இழக்காதபடி 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது நல்லதே. ஆனால் தருமத்துக்கென்று விட்ட பங்கைக் கண்காணிப்பவர் யார்? ஜவான்கள் நிதிக்கு எந்த வருஷம் எவ்வளவு கட்டினோம் என்பதைக் கம்பெனியார் பத்திரிகைகளில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு இந்திய சர்க்காருடையது. வரும் டிஸம்பர் 11-ந் தேதிக்குள் முதற் கணக்கு வெளிவரட்டும்.