தணல் விழுந்த இடம்

இந்தக் கிழமை மனசு நிறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டிலிருந்து தெறித்த தணல் முன்னறைக் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருக்கிவிட்டது. பதுளை டவுனில் கேட்ட இடமெல்லாம் புதிதாக வாங்கத்தான் சொன்னார்கள். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் வந்து பார்த்தார். "எதுக்குங்க புதுசு? அலுமாரிக்கு அடியில யாரு பாக்கப்போறா? அங்கேருந்து வெட்டி இங்க வச்சா போச்சு" என்றார்.

அவரே செய்தார். கருகியதைச் சதுரமாக வெட்டி எடுத்து, அதையே அளவாக வைத்து அலுமாரிக்கு அடியில் ஒரு துண்டு வெட்டினார். வைப்பதற்கு முன் உள்ளங்கையால் தடவித் தடவி, இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். சாய்வு மாறினால் ஒட்டு பளிச்சென்று தெரியுமாம். ஓரத்து இழை அவிழாதபடி பசை தடவி, துண்டைப் பொருத்தி, அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றிவிட்டுப் போனார். இப்போது விளக்கைப் பிடித்துத் தேடினாலும் ஒட்டு தெரியவில்லை.

இந்தக் கை எங்கே பழகியது என்று கேட்டேன். கம்பளியில் என்றார். மலையில் மழைக்குத் தலையில் கொங்காணி, இரவில் பிள்ளைகளுக்குப் போர்வை, கிழிந்த பிறகு விரிப்பு. ஒரு கம்பளியின் நல்ல பாகத்தை வெட்டி இன்னொன்றின் ஓட்டையில் வைத்துத் தைப்பதை அம்மாவிடம் படித்தாராம். அந்தக் கம்பளிக்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அரிசியோடு கம்பளியும் கொடுத்து, அதன் விலையைக் கடனாக எழுதிக்கொண்டார்கள். கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. கடனாக வந்த துணியை நம் பாட்டிமார் தூக்கியெறிவார்களா?

லயத்தில் இருக்கும் அந்த அக்காவின் காம்பராவுக்கும் போயிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' படித்தவர்களுக்கு அந்த நெருக்கடி தெரியும். சீமெந்துத் தரை வெடித்து, மழைக்காலத்தில் ஈரம் மேலே ஏறுகிறது. மேலே விரித்த காபட் அடியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தரையை உடைத்துப் போடலாமே என்றேன். "துரைகிட்ட கேக்கணுமே தம்பி. நம்ம வீடா இது?" என்றார்.

லயத்தைப் பற்றி எத்தனை தடவை எழுதுவாய் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். எழுதத்தான் செய்வேன். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. எத்தனை கை மாறியும் காம்பராவின் உறுதி உள்ளே இருப்பவர் கைக்கு வரவில்லை. இந்திய உதவித் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழும்பியிருக்கின்றன, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவை எட்டாத லயங்கள் ஊவாவில் இன்னும் வரிசை வரிசையாக நிற்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு, புதுவீடு வரும்வரையாவது, தரையை உடைக்கவும் கூரைத் தகரம் மாற்றவும் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று கம்பனிகள் எழுத்தில் கொடுக்கட்டும். சீமெந்தையும் மணலையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.