மாமாவின் கூச்சமும் என் ஜலதோஷ மாத்திரையும்

எங்கள் வீடு கேளம்பாக்கத்தில், உப்பளத்துப் பக்கம். மாமனாருக்கு வயது 72. தன் வேஷ்டியைத் தானே துவைத்துக்கொள்கிற மனிதர். அவருக்கு ஒரு குறை உண்டென்று எங்களுக்குச் சொன்னதே என் பெண்தான். "அம்மா, தாத்தா ராத்திரியில அஞ்சு தடவை எழுந்து போறாரும்மா. போனா வரதுக்கு ரொம்ப நேரம் ஆகுது" என்றாள்.

கேட்டால், "வயசானா அப்படித்தாம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார். மருமகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அத்தையிடமும் மூச்சு விடவில்லை. சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று வாழைத்தண்டுச் சாறு வேறு நடந்தது. வாழைத்தண்டு நல்லதுதான், ஆனால் வீங்கிய சுரப்பியை அது கரைக்காது.

மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அன்றிரவு அவருக்குச் சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை. அடிவயிறு பானை மாதிரி உப்பி, மனிதர் துடித்துப் போனார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரப்பர் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சளிக்கு ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா?" என் கை கால் வெலவெலத்துப் போயிற்று.

சகோதரிகளே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் சிறுநீர்ப்பையின் வாய்த் தசையை இறுக்கிவிடும். தூக்கம் வரவழைக்கும் சில சளி மருந்துகள் பை சுருங்குகிற சக்தியைக் குறைத்துவிடும். புராஸ்டேட் வீங்கியுள்ள பெரியவருக்கு டாக்டரைக் கேட்காமல் இவற்றைக் கொடுக்கவே கூடாது.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். வயதாக ஆகப் பருத்துக் குழாயை நெரிக்கும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனால் நீர் தேங்கிக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

எடுத்தவுடன் கத்தி இல்லை. தசையைத் தளர்த்த ஒரு மாத்திரை. அது சில நாளிலேயே வேலை செய்யும். சுரப்பியைச் சுருக்க இன்னொன்று. அதற்கு ஆறு மாதம்கூட ஆகும். மாத்திரை கொடுத்துச் சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டது. அதன் பிறகுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது.

வழிகள் மூன்று என்றார் டாக்டர். முதலாவது, வயிற்றைக் கீறி எடுப்பது. இந்தியாவில் வெகுகாலம் மருத்துவ சேவையில் இருந்த பீட்டர் ஃப்ரேயர் என்பவர் 1900 முதல் லண்டனில் இதைச் செய்து பிரபலமாக்கினார். இன்று மிகப் பெரிய சுரப்பிகளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, வெளியே கீறாமல் சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் சதையைச் சீவி எடுக்கும் டி.யு.ஆர்.பி. மூன்றாவது, அதே வழியில் லேசர். இதில் ரத்தப்போக்கு குறைவு, குழாயும் சீக்கிரம் எடுத்துவிடலாம். பெரிய சுரப்பிக்கும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஏற்றது.

வீட்டில் ஒரே விவாதம். என் கொழுந்தனார், "லேசர்தான் புதுசு, அதையே செய்யலாம்" என்றார். இவரோ செலவைப் பார்த்தார். மாமாதான் நேராக டாக்டரிடம், "நீங்க எதை அதிகமா செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, "டி.யு.ஆர்.பி.தான் ஐயா. உங்க சுரப்பி 60 கிராம், ரத்தம் இளக்குற மாத்திரையும் இல்லை. எதைச் செஞ்சாலும் நல்லா வரும்" என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். பிறகு மூன்று நாள் குழாய். உப்பு நீர் உள்ளே போய்க் கழுவியபடியே இருக்கும். பையில் இறங்கும் நீர் முதலில் மாதுளைச் சாறு போல, அடுத்த நாள் ரோஜா நிறம், பிறகு வெளுப்பு. பயந்துவிடாதீர்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினோம்.

சில வாரம் எரிச்சல் இருந்தது, அவசரமாக வந்தது, சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. பழைய வேஷ்டித் துணியை மடித்து வைத்து, துவைக்கத் தனி வாளி கொடுத்தேன். அவர் கூச்சப்படாமல் இருக்க அது போதும். முக்கினால் ரத்தம் வரும் என்பதால் தினமும் கீரை, வாழைப்பழம், பப்பாளி. பகலில் நிறையத் தண்ணீர். ஆறு வாரம் பாரம் தூக்கவும் சைக்கிள் ஓட்டவும் தடை.

பன்னிரண்டாம் நாள், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டார் மாமா. மறுபடி சிவப்பு! டாக்டருக்குப் போன் செய்தேன். "உள்புண்ணின் பொருக்கு உதிர்கிற சமயம் இப்படி வரும். தண்ணீர் குடித்துப் படுக்கட்டும். கட்டி கட்டியாக வந்தாலோ, நீர் அடைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே கூட்டி வாருங்கள்" என்றார். இரண்டு நாளில் தெளிந்தது.

கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் குழந்தை வேண்டும் என்கிற வயதுக்காரர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சீவி எடுத்த சதையைப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் ஆரஞ்சுச் சுளையை எடுத்துத் தோலை விட்ட மாதிரி, சுரப்பியின் ஓடு உள்ளேயே இருக்கிறது. ஆகவே பரிசோதனைகளை டாக்டர் சொன்னபடி தொடர வேண்டும்.

இப்போது மாமா ராத்திரியில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். போன கிருத்திகைக்குத் திருப்போரூர் முருகனைத் தரிசிக்கப் பஸ்ஸில் போய் வந்தார். வழியில் எங்கே இறங்குவது என்ற பயம் இல்லை. "முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கலாம்மா" என்றார். "நானும் முன்னாடியே கேட்டிருக்கலாம் மாமா" என்றேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் சாயந்திரமானால் தண்ணீரை ஒதுக்குகிறாரா? கவனியுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.