ஒரு வரிதானே!

"கலைப்பீடத்தானுக்குக் கணனி நிரலிலே என்ன வேலை?" என வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கட்கு விடையாகவே இதனை எழுதுகின்றேன்.

சென்ற விடுமுறையில் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து நண்பர் நால்வர் பழந்தமிழ் நூல்களிற் சொற்களைத் தேடித்தரும் நிரலொன்றை ஆக்கினோம். நிரல் ஒரு களஞ்சியம். நூற்பாடங்கள் அதனுள்ளே வேறொரு களஞ்சியம். 2005 இல் லீனஸ் டோர்வால்ட்ஸ் தோற்றுவித்த கிட் என்னும் முறையில் இத்தகைய உட்களஞ்சியத்துக்கு 2007 முதல் இடமுண்டு. ஆனால் வெளிக்களஞ்சியம் உள்ளிருக்கும் கோப்புகளைத் தன்னகத்தே கொள்வதில்லை. உள்ளே எந்த நிலையை எடுத்துக்கொள்ள வேண்டும் எனச் சுட்டும் நாற்பது எழுத்துக் குறியொன்றையே வைத்திருக்கும். உள்ளே ஆயிரம் வரி மாறினும் வெளியே மாறித் தோன்றுவது அந்த ஒரு வரியே.

அவ்வாறான திருத்தமொன்று வந்தது. "ஒரு வரிதானே" என நண்பர் ஒப்புதல் அளித்தார், நானும் இணைத்தேன். கணனி எவ்வழுவும் அறிவிக்கவில்லை. உட்களஞ்சியத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை எவரும் இடாமையாற் கோப்புகள் பழையபடியே கிடந்தன. வாரங்கள் கழித்துப் புதுப்பித்தபோதுதான் உண்மை புலனாயிற்று. திருத்தியவர் 'யாண்டு' என வந்த இடமெல்லாம் 'ஆண்டு' என மாற்றியிருந்தார்! பழஞ்செய்யுளில் அச்சொல் 'எங்கே' எனவும் பொருள்படும் என்பதை அவர் அறியார். நிரல் அளவிற் குற்றமேதுமில்லை; செய்யுள்தான் செத்துக் கிடந்தது. (அதனை முதலிற் கண்டவன், அறிவியற்பீடத்தார் பொறுத்தருள்க, நான்.)

திருத்தத்தைச் சரிபார்த்தல் நமக்குப் புதிய கலையா? ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை செய்தது வேறென்ன? எங்கள் திருகோணமலை தந்த பதிப்பாசிரியர் தி. த. கனகசுந்தரம்பிள்ளைக்குப் பாடபேதம் என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியிருந்ததா?

திறந்து பாராமையின் விலை நம் விறாந்தையோடு நிற்பதன்று. எக்ஸ்-செட் என்னும் சுருக்கற் கருவியிற் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒளித்துவைக்கப்பட்ட கள்ளவழி 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. நுழைவு அரை விநாடி தாமதிப்பதை ஐயுற்ற அன்ட்றேஸ் ஃபிறொயின்ட் என்ற ஒருவராலேயே அது பிடிபட்டது. சோதனைக் கோப்பை யார் வாசிப்பர் என்ற நம்பிக்கையிலேதான் அதனை அங்கே ஒளித்தனர்.

ஆதலின் நூற்பாடம் அடங்கிய உட்களஞ்சியத்துக்கு வரும் எத்திருத்தமும், நிரல் வல்லார் ஒருவரும் தமிழ் கற்றார் ஒருவரும் உள்ளே புகுந்து வரிவரியாக வாசித்த பின்னரே இணைக்கப்படல் வேண்டும். வாசியாமல் ஒப்பமிடுபவர் எப்பீடத்தவராயினும் அப்பணியை விட்டு விலகட்டும்.