எல்லைப்புறத்துப் பெயர்க்கற்கள்

வழியோரத்தில் நாட்டப்பட்ட ஒரு கல் வரலாற்று நூலினும் வலிமையுடையது என்பது எம் கருத்து. நூலைத் தேடிச் செல்பவனே அதனைப் படிப்பான். கல்லோ வழிச் செல்வோனைத் தானே நிறுத்திப் பேசும். நூலாசிரியன் ஒருவன் பிழைபட எழுதினால் மற்றொருவன் மறுத்தெழுதுவான். கல்லின் எதிரே நின்று மறுத்துரைப்பார் இலர். ஆதலின், ஒரு நாட்டார் தம் சாலையோரங்களில் எவற்றை எழுதி நிறுத்துகின்றனர், எவற்றை எழுதாது விடுகின்றனர் என ஆராய்தல் சரித்திரம் பயிலும் நம் மாணவர்க்கு வீண் வேலையாகாது. அவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்தில், வடபகுதியிலே உள்ள திராக்மார்ட்டன் கவுண்டியை எடுத்துக்கொள்கின்றோம். தொப்பியணிந்து குதிரைமேற் செல்லும் மாட்டுக்காரரைத் திரைப்படங்களிற் கண்டு களித்த நம்மவர்க்கு அந்நிலத்தின் தோற்றம் புதிதன்று. அதன் வரலாறே புதிது.

கவுண்டி என்பது நம் ஜில்லாவினும் சிறியதோர் ஆட்சிப் பிரிவு. திராக்மார்ட்டன் கவுண்டியின் பரப்பு 900 சதுர மைலுக்குச் சற்று மேற்பட்டது. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் 1,440 பேரே. நடுத்தரமான ஒரு கல்லூரியின் மாணவர் தொகை அதனினும் மிகும். மக்களினும் மாடுகள் பன்மடங்கு மிக்க அந்நாட்டின் தென்பகுதியில், பிராசோஸ் ஆற்றின் கிளையாகிய கிளியர் ஃபார்க் என்னும் சிற்றாறு வளைந்து செல்கின்றது. கவுண்டியைத் தோற்றுவித்த சட்டம் 1858-இல் இயற்றப்பட்டது. ஆயினும் அலுவலரைத் தேர்ந்து ஆட்சி தொடங்கியது 1879-இல்தான். அதற்குப் பெயர் தந்த வில்லியம் திராக்மார்ட்டன் என்னும் மருத்துவர், கிழக்கே நெடுந்தொலைவில் காலின் கவுண்டிப் பகுதியிற் குடியேறி, 1843-இலேயே மறைந்தவர். தம் பெயரால் வழங்கும் நிலத்தில் வெள்ளையர் வீடு கட்டுதற்கு முன்னரே அவர் காலம் முடிந்துவிட்டது. பெயரிடுதலில் இத்தகைய விநோதங்கள் எந்நாட்டிலும் உண்டு.

இனிக் கற்களைப் பற்றிக் கூறுவாம். மெக்ஸிகோவினின்றும் 1836-இல் விடுதலை பெற்ற டெக்ஸாஸ், 1936-இல் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபொழுது, மாகாண அரசினரே கருங்கல்லாலும் வெண்கலத்தாலும் ஆகிய நினைவுச் சின்னங்களை ஊர்தோறும் நிறுத்தினர். பின்னர் 1953-இல் வரலாற்று இடங்களை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதுவே இப்பொழுது டெக்ஸாஸ் வரலாற்று ஆணையம் எனப் பெயர் பெற்று, 16,000-க்கு மேற்பட்ட அடையாளப் பலகைகளைப் பேணி வருகின்றது. 1962 முதல் நடைபெறும் முறை இது: ஒரு பலகையை வேண்டுவோர் தக்க சான்றுகளுடன் வரலாறு எழுதி, தம் கவுண்டியின் வரலாற்றுக் குழுவின் வழியாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்துதல் வேண்டும், ஆணையத்தார் ஆராய்ந்து வாசகத்தை அமைப்பர், அது அலுமினியத்தில் வார்க்கப்படும். எனவே இக்காலத்துச் சின்னம் கல்லன்று, உலோகப் பலகை. எனினும் பழக்கம் பற்றிக் கல்லென்றே சொல்லி வருவாம்.

இம்முறையில் குற்றம் காண்பது எளிதன்று. அரசினர் ஆணையின்றிக் குடிகளே தம் ஊர் வரலாற்றைத் தேடி எழுதுவது பாராட்டத்தக்கது. ஆயினும் அதனுள் ஒரு குறை ஒளிந்து கிடக்கின்றது. விண்ணப்பிப்பார் இருந்தாலன்றிக் கல் எழாது. ஓர் ஊரில் நிலைத்தவர்க்குப் பேரரும் கொள்ளுப் பேரரும் உளர். அவர்கள் தம் முன்னோர் கட்டிய தேவாலயத்துக்கும், பள்ளிக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும், பண்ணை வீட்டுக்கும் கல் வேண்டுவர். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்க்கு அங்கே விண்ணப்பம் எழுதப் பேரன் இல்லை. எல்லைப்புற மரபு என்று அந்நாட்டார் போற்றுவது பெரும்பாலும் நிலைத்தவர் மரபாகவே அமைந்ததற்கு வெறுப்பொன்றே காரணம் என்று கூறுதல் தகாது. அம்முறையே அவ்வாறு விளைவித்துவிடும்.

துரத்தப்பட்டவர் யாவர்? டெக்ஸாஸ் 1845-இல் ஐக்கிய நாட்டிற் சேர்ந்தபொழுது தன் பொது நிலங்களைத் தானே வைத்துக்கொண்டது. ஆகவே பழங்குடியினரைக் குடியமர்த்த நடுவணரசுக்கு அங்கே ஒரு சாண் நிலமும் இல்லை. 1854-இல் மாகாணச் சட்டசபை அதன்பொருட்டுப் பன்னிரண்டு லீக் நிலத்தை ஒதுக்கிற்று. படைத்தலைவர் ராண்டால்ப் மார்ஸியும், பழங்குடியினர்க்கான அரசாங்க மேற்பார்வையாளர் ராபர்ட் நெய்பர்ஸும் இடம் தேடி அளந்தனர். கொமாஞ்சியர்க்கு வாய்த்த பங்கு கிளியர் ஃபார்க் கரையில் நான்கு லீக், அஃதாவது 18,576 ஏக்கர். ஆர்க்கன்சாஸ் ஆறு தொடங்கி டெக்ஸாஸின் நடுப்பகுதி வரை குதிரைமேல் திரிந்து எருமை வேட்டையாடிய குலத்தார்க்கு இஃது எம்மட்டு! இன்று அப்பகுதியிலுள்ள லாம்ப்ஸ்ஹெட் என்னும் ஒரு பண்ணையே அதனினும் பெரிது.

ஆயினும் கொமாஞ்சியருள் ஒரு பிரிவினர் வந்தனர். தேன் உண்போர் எனப் பொருள்படும் பெனடெக்கா என்னும் அப்பிரிவினர், கெத்தும்சி என்ற தலைவரைப் பின்பற்றி 1855-இல் அங்கே தங்கினர். ஏர் கண்டறியாத கைகள் மக்காச்சோளம் விதைக்கக் கற்றன; மழையோ பொய்த்தது. 1856-இல் அருகே கூப்பர் பாசறை நிறுவப்பட்டது. பிற்காலத்தில் உள்நாட்டுப் போரிற் பெயர் பெற்ற ராபர்ட் லீ அவ்வாண்டு அங்கே கூடாரத்தில் தங்கிப் படைக்குத் தலைமை தாங்கினார். இன்று அப்பாசறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லீயின் பெயரையே முதலிற் சொல்வர். காவற்காரனின் பெயரால் ஓரிடம் நினைக்கப்படுவதும், காக்கப்பட்டவர் மறக்கப்படுவதும் எமக்கு வியப்பாகத் தோன்றுகின்றது.

வடக்கே திரிந்த பிற கொமாஞ்சியர் குடியேற்றங்களைத் தாக்கிக் குதிரைகளைக் கவர்ந்தனர்; உயிர்க்கொலையும் நிகழ்ந்தது. வெள்ளைக் குடியினர் பட்ட துயரம் பொய்யன்று. ஒதுக்கு நிலத்தார் யாவரும் குற்றமற்றவர் என்று சாதிக்கவும் யாம் முற்படவில்லை. ஆனால் எட்டாத பகைவன்மீது எழுந்த சினம் எட்டியவன்மேற் பாய்ந்தது. கீழ்ப்புறத்தே பிராசோஸ் ஒதுக்கு நிலத்தில் வாழ்ந்த காடோ, அனடார்க்கோ முதலிய குலத்தாரோ உழவு செய்து வாழ்ந்ததோடு, 1858-இல் டெக்ஸாஸ் படையோடு சேர்ந்து வட கொமாஞ்சியரை எதிர்த்துப் போரிட்டவர்கள். அவ்வாண்டு டிசம்பர் 27-இல், அவர்களுட் சிலர் பாலோ பின்ட்டோ கவுண்டியில் பாளையமிட்டு உறங்கியிருந்தபொழுது, வெள்ளையர் கூட்டமொன்று தாக்கி ஆணும் பெண்ணுமாக எழுவரைக் கொன்றது. கொன்றவர் இன்னார் என்பது தெரிந்திருந்தும் ஒருவரும் தண்டனை அடையவில்லை. முன்னர்க் கொமாஞ்சியர்க்கு அரசாங்க அலுவலராயிருந்து 1857-இல் நீக்கப்பட்ட ஜான் பேய்லர் என்பவர், 1859 மே மாதத்தில் ஆயுதந்தாங்கிய சுமார் 250 பேரைத் திரட்டிக்கொண்டு பிராசோஸ் ஒதுக்கு நிலத்தின்மேற் சென்றார்.

நெய்பர்ஸ் இனிக் காத்தல் இயலாதெனக் கண்டார். 1859 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்கள் விளைந்த பயிரையும் மேயும் கால்நடைகளையும் விட்டுப் புறப்பட்டனர். படை துணை வர, அவர்களை நெய்பர்ஸ் தாமே அழைத்துச் சென்று, செவ்வாற்றைக் கடந்து, இன்று ஓக்லஹோமா எனப்படும் நிலத்திற் சேர்ப்பித்தார். ஆற்றைக் கடந்த அன்று தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், இந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள வேண்டின் இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த வரலாற்றை வேதத்திற் படித்துக்கொள்க என்றும், பெலிஸ்தர் நாட்டை விட்டு வெளியேறிவிட்டோம் என்றும் அவர் குறிப்பிட்டார். தம் நாட்டாரையே பெலிஸ்தர் என்று எழுத அவர் கை எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! நெய்பர்ஸ் என்பதற்கு அயலார் என்பது பொருள், பெயருக்கேற்ற நடையினர். கணக்கை ஒப்புவிக்கத் திரும்பி வந்தவரை, செப்டம்பர் 14-இல் பெல்நாப் ஊரின் தெருவில், எட்வர்ட் கார்னெட் என்பவன் முதுகிற் சுட்டுக் கொன்றான்.

இவ்வரலாறு அறியப்படாததன்று, அறிஞர் விரிவாக எழுதியுள்ளனர். எம் வழக்கு அதன் மொழியைப் பற்றியது. எல்லைப்புறச் சின்னங்களைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். வெள்ளைக் குடியினன் இறந்தால், இந்தியரால் கொல்லப்பட்டான் என்று கொன்றவர் தெளிவுறச் சுட்டப்படுவர். பழங்குடியினர் வெளியேற்றத்தைச் சொல்லுமிடத்தோ, அகற்றப்பட்டனர் என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். அகற்றியவர் யார், எவருக்கு அஞ்சி அகற்றினார் என்பவை விடுபடும். செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைந்து நிற்கலாம் என்று இலக்கணம் பயில்வோர் அறிவர். இலக்கணம் தந்த அவ்விடுதலை இங்கே கொலைகாரர்க்குப் புகலிடமாகிவிட்டது.

இவ்வாறு கூறுவதனால் பண்ணையார்களின் நினைவுக் கற்களைப் பெயர்த்தெறிய வேண்டும் என்று யாம் சொல்வதாக எண்ணற்க. வறட்சியிலும், உண்ணிக் காய்ச்சல் மாடுகளைக் கொன்ற காலங்களிலும், மருத்துவன் இல்லாத தனிமையிலும் அம்மக்கள் பிள்ளை பெற்று வளர்த்தனர். 1861-இற் பிறந்த ஸாலி ரெனால்ட்ஸ் மாத்தியூஸ் என்னும் அம்மையார் 1936-இல் வெளியிட்ட நினைவு நூல் அவ்வாழ்வை நன்கு காட்டும். அவர் மகனாகிய வாட் மாத்தியூஸ் 1997-இல் மறையும் வரையில் லாம்ப்ஸ்ஹெட் பண்ணையின் பழைய வீடுகளைச் சிதையாமற் புதுக்கிக் காத்தார். கூப்பர் பாசறை இருந்த இடமும் அப்பண்ணை எல்லைக்குள்ளேயே கிடக்கின்றது. நகரமாயிருந்தால் எப்பொழுதோ கடைவீதிக்கு அடியிற் புதைந்திருக்கும்; புல்வெளியாயிருந்ததனால் பிழைத்தது. அந்நன்றியை மறத்தல் அறமன்று.

நெடும்பாதையில் மாடோட்டிப் புகழ்பெற்ற சார்லஸ் குட்நைட் என்பார் செய்ததொன்றை இங்கே சொல்ல விரும்புகின்றோம். 1866-இல் அவரும் ஆலிவர் லவ்விங்கும் பெல்நாப் கோட்டைக்கு அருகிலிருந்து மந்தையை மேற்கே ஓட்டிச் சென்றனர். அப்பாதையில் உடனுழைத்தவர் பாஸ் ஐகார்ட். மிஸ்ஸிஸிப்பியில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். அவர் 1929 ஜனவரியில் இறந்தார். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த குட்நைட், அவருக்குத் தம் செலவிற் கல் நாட்டி, எத்தனை ஆண்டு தம்மோடு உழைத்தார், எத்தகைய இடர்களில் உடனின்றார் என்று வாசகமும் எழுதுவித்தார். அக்கல் எழ எந்த ஆணையமும் வேண்டியிருக்கவில்லை. கண்டறிந்தவர் ஒருவர் உண்மையை உரைக்க மனங்கொண்டார், அவ்வளவே. அவ்வாண்டு முடிவதற்குள் குட்நைட்டும் மறைந்தார்.

ஆனால் கெத்தும்சிக்கு அத்தகைய தோழர் பெல்நாப் தெருவில் மாண்டார். ஆகலின் அரசினரே முன்வர வேண்டும். அதற்கு வழியும் இல்லாமலில்லை. விண்ணப்பக் கட்டணத்தினின்று திரட்டிய நிதியால், இதுகாறும் சொல்லப்படாத வரலாறுகளுக்கெனத் தனியே பலகைகள் நிறுவும் திட்டத்தை ஆணையம் நடத்தி வருகின்றது. 1,440 பேர் வாழும் ஏழைக் கவுண்டியின் பொருளை இது சிறிதும் தொடாது. சிறு பலகையில் இவ்வளவும் அடங்குமா என்று கேட்பர். இரண்டு பெயர், மூன்று ஆண்டு, ஓர் ஏக்கர்க் கணக்கு, துரத்தியவர் இன்னார் என்னும் ஒரு செய்வினை வாக்கியம்: இவை ஏழெட்டு வரிக்கு மேற்படா. பழைய கல்லின் அருகிலேயே அதனை நிறுத்தலாம். இரண்டையும் சேர்த்துப் படிப்போர் தாமே தீர்மானித்துக்கொள்வர்.

மற்றொன்றும் வேண்டும். கொமாஞ்சியர் அழிந்துபோன குலத்தார் அல்லர். செவ்வாற்றுக்கு அப்பால், ஓக்லஹோமாவில் லாட்டன் நகரத்தை அடுத்து அவர்களுடைய ஆட்சி மன்றம் இருக்கின்றது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் உறுப்பினராய் உள்ளனர். அலுமினியத்தை உருக்குவதற்கு முன்னர், வாசகத்தின் படியொன்று அங்கே செல்லட்டும். அவர்கள் திருத்தி அனுப்பிய பின்னர் வார்க்கட்டும்.