உண்டியலுக்குப் பூட்டு மட்டும் போதுமா?

மேலைநாடுகளில் வாகனங்களை உரிமையாளர்களே கழுவிச் செல்லும் நிலையங்களில் நாணயப் பெட்டிகள் உடைக்கப்படுவது பழைய தலைவலி. பெட்டியை அடிக்கடி வெறுமையாக்குவது அங்கு கண்ட பரிகாரங்களுள் ஒன்று. எமது கரையோரத்தில் அப்பெட்டிகளின் இடத்தில் இருப்பவை ஆலய, பள்ளிவாசல் உண்டியல்கள்.

உண்டியல் உடைபட்டதும் கனத்த பூட்டொன்று வாங்கப்படுகிறது. உள்ளே பெருந்தொகை உண்டென அதுவே திருடனுக்குச் சொல்லிவிடுகிறது! மாதக்கணக்கில் திறக்கப்படாத உண்டியலில் எவ்வளவு இருந்தது என்பதை எவரும் அறியார். களவு போனால் வதந்தியே கணக்குச் சொல்லும். பெரியநீலாவணையும் மருதமுனையும் அருகருகே அமைந்த இப்பகுதியில் சந்தேகம் அயலூர் இளைஞர்மீது விழ அதிக நேரம் எடுக்காது. பணத்தைவிட இவ்விழப்பே பெரிது.

பரிபாலன சபைகளும் நம்பிக்கையாளர் சபைகளும் வாரம் ஒருமுறையேனும், நாளை முன்கூட்டி அறிவியாது, மூவர் முன்னிலையில் எண்ணி, தாமதமின்றி வங்கியிலிட்டு, தொகையை அறிவித்தல் பலகையில் எழுதுதல் வேண்டும்.