மூங்கில் அல்லாத மூங்கில்

தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் ஒரு சிறு செடி இன்று பரவலாகக் காணப்படுகிறது. கண்ணாடிச் சாடியில் கூழாங்கற்கள். அவற்றின்மேல் சிறிது தண்ணீர். அதில் சிவப்பு நாடாவால் கட்டப்பட்ட பச்சைத் தண்டுகள். 'லக்கி பேம்பூ' என்று கடைகளில் விற்கப்படும் இச்செடி, பிறந்தநாளிலும் புதுமனை புகுவிழாவிலும் பரிசாகக் கைமாறுகிறது. வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே இடம் பெறுகிறது. அதன்பின் அதனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்டு ஒன்று மஞ்சளாக மாறினால் மட்டும், 'வீட்டுக்கு ஆகாது' என்று குப்பைக்கூடையில் எறியப்படுகிறது. நற்பேறு தரும் என்று வாங்கிய செடியை, அது நோயுற்ற உடனே தீய நிமித்தமாகக் கருதுவது முறையாகுமா?

முதலில், இச்செடி மூங்கிலே அன்று. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. புறத்தே உறுதி உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உறுதி உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. உள்ளே வெற்றிடமும் வெளியே உறுதியும் கொண்ட மூங்கில் அவ்விலக்கணப்படியும் புல்லே ஆகும். சாடியில் நிற்கும் செடியோ உள்ளீடற்றது அன்று. தாவரவியலார் அதனை 'டிரசீனா சாண்டரியானா' என்பர். தண்ணீர்விட்டான் கிழங்குச் செடி சேர்ந்துள்ள குடும்பமே அதன் குடும்பமும் ஆகும். அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுப் பகுதி. தண்டிலுள்ள கணுக்களைக் கண்டவர்கள் அதனை மூங்கில் என்று அழைத்தனர். சீனர்கள் செல்வமும் சிறப்பும் தரும் மூங்கில் என்று பொருள்படப் பெயரிட்டு, அதனைப் பெருமளவில் பயிரிட்டு உலகெங்கும் அனுப்புகின்றனர். தண்டுகளின் எண்ணிக்கைக்கும் பொருள் கூறப்படுகிறது. சீன மொழியில் நான்கு என்னும் சொல்லின் ஒலி சாவு என்னும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால், நான்கு தண்டுகளைப் பரிசளிப்பதில்லை.

இந்த நம்பிக்கையால் தீங்கு என்ன என்று சிலர் வினவக்கூடும். நம்பிக்கையின் பெயராலாவது ஒரு பசுமை வீட்டுக்குள் வருகிறதே என்பது அவர்கள் வாதம். அது ஓரளவு உண்மையே. ஆனால் பயன் கருதி வளர்க்கப்படும் உயிர், பயன் தராதபோது கைவிடப்படுகிறது. நற்றிணைப் பாடல் ஒன்றில் வேறொரு மனப்பாங்கு காணப்படுகிறது. சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைக்கிறது. அவர்கள் பாலும் நெய்யும் பெய்து அதனை வளர்க்கின்றனர். வளர்ந்த அம்மரத்தை அன்னை அவர்களின் உடன்பிறந்தாள் என்கிறாள். பின்னாளில், உடன்பிறந்தாளின் நிழலில் காதலனுடன் சிரித்துப் பேசத் தலைவி நாணுவதாகத் தோழி கூறுகிறாள். அங்கே புன்னை பொருள் தரவில்லை, உறவாயிற்று. செடியை வளர்க்கும் முறைக்கு அதுவே தக்க தொடக்கம்.

செடி வாடுவதற்குக் காரணம் ஊழ் அன்று; பெரும்பாலும் தண்ணீரே. இச்செடிக்குக் குழாய் நீரில் உள்ள குளோரினும், சில ஊர்களின் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளூரைடும், உவர்நீரின் உப்புகளும் ஒவ்வா. இலை நுனிகள் பழுப்பு நிறம் அடைந்து காய்வது அதன் அடையாளம். குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரிதும் நீங்கிவிடும். புளூரைடும் உப்பும் அவ்வாறு நீங்கா. நீரைக் காய்ச்சினாலும் நீங்கா. ஆகவே இராசத்தான் போன்று நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்த பகுதிகளில், தூய்மையாகச் சேகரித்த மழைநீரையோ, வடிகட்டும் கருவியில் உப்பு நீக்கப்பட்ட நீரையோ பயன்படுத்துவது நன்று.

ஒளியும் அவ்வாறே. இச்செடியின் முன்னோர் காட்டு மரங்களின் நிழலில் வளர்ந்தவை. எனவே நேர்வெயில் இலையைக் கருக்கிவிடும். இருண்ட மூலையோ செடியை வெளிறச் செய்யும். சன்னலுக்குச் சற்றுத் தள்ளி, ஒளி பரவும் இடமே ஏற்றது. வடநாட்டுக் குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும்போது, சன்னலோரச் செடியை அறைக்குள் தள்ளி வைக்க வேண்டும். குளிர்பதனியின் காற்றும், அறை வெப்பமூட்டியின் காற்றும் நேராகப் படாமல் காக்க வேண்டும். நாடாவையும் கம்பியையும் அவ்வப்போது தளர்த்த வேண்டும். தண்டு பருக்கும், கட்டு பருக்காது.

இவை அனைத்தினும் இன்றியமையாதது தண்ணீரை மாற்றுவது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, தேங்கிய தெளிந்த நீரில் பெருகுகிறது. வெப்ப நாள்களில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சாடியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, சாடியின் உட்புறத்தையும் கற்களையும் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த எச்சரிக்கை மிகையன்று. 2001-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குத் தண்ணீரில் வைத்து அனுப்பப்பட்ட இச்செடிகளோடு ஆசியப் புலிக்கொசுவும் சென்று இறங்கியது. தில்லியில் மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர்கள், செடிச் சாடிகளையும் சோதிப்பது இதனாலேயே. நற்பேறு வேண்டி வைத்த சாடி, அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் தரும் இடமாகிவிடக் கூடாது.

வாரந்தோறும் சாடியைக் கழுவுபவர் வேரையும் காண்பார். செம்மஞ்சள் நிற வேர் நலத்தின் அறிகுறி. கருத்துக் குழைந்த வேர் அழுகலின் அறிகுறி. அழுகிய வேரை வெட்டி நீக்கலாம். அடியிலிருந்து மஞ்சளாகும் தண்டு பெரும்பாலும் மீளாது. அதனை எடுத்துவிட்டால் மற்றவை பிழைக்கும். எடுத்த தண்டின் மேற்பகுதி பச்சையாக இருந்தால், அதனை நறுக்கித் தனியே நீரில் இட்டால் சில வாரங்களில் வேர் விடக்கூடும். ஆகவே மஞ்சள் நிறம் செடி விடுக்கும் வேண்டுகோளே அன்றி, வீட்டுக்கு வரும் கேட்டின் முன்னறிவிப்பு அன்று.

அலுவலகமும் பள்ளியும் பயணமுமாக ஓடும் நகர வாழ்வில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. ஞாயிற்றுக்கிழமையில் பத்து நிமிடம் போதும். அந்நேரத்தையும் ஒதுக்க இயலாதவர், இச்செடியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. பூனையோ நாயோ வளர்ப்பவரும் எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். இதன் இலையைத் தின்றால் அவ்விலங்குகள் நோயுறும்.

இறுதியாக ஒன்று. தண்ணீர் இச்செடியைத் தாங்குமே தவிர, அதற்கு வேண்டிய உணவு முழுவதையும் தராது. நீர் தேங்காத மண் நிரப்பிய தொட்டிக்கு அதனை மாற்றி, தொடக்கத்தில் ஈரம் குன்றாமல் காத்தால், அது மேலும் செழித்துப் பல்லாண்டுகள் வாழும். கேமரூனில் பிறந்து, சீனத்தில் பெயர் பெற்று, இந்திய நகரத்து மாடிவீட்டை அடைந்த செடி அது. வந்த இடத்தில் வேரூன்ற அதற்குத் தேவைப்படுவது ஒரு பிடி மண்ணும், வாரம் ஒருமுறை அதனை உற்று நோக்கும் கண்ணும் ஆகும். அக்கண் வாய்த்த வீட்டுக்கு வந்து சேர்வதே அச்செடியின் நற்பேறு.

சொல்லும் பொருளும்

நிமித்தம் – சகுனம்
ஊழ் – விதி
கணு – தண்டில் உள்ள முடிச்சு
பருத்தல் – தடித்தல்

விடையளிக்க

1. 'லக்கி பேம்பூ' மூங்கில் அன்று என்பதற்குக் கட்டுரை கூறும் காரணங்கள் யாவை?
2. சாடி நீரை வாரம் ஒருமுறை மாற்றுவது அண்டை வீட்டாருக்கும் நன்மை பயப்பது எவ்வாறு?
3. கட்டுரை எடுத்துரைக்கும் மறுப்புகளுள் ஒன்றை ஏற்றோ மறுத்தோ பத்து வரிகளில் எழுதுக.

செய்து பார்க்க

வீட்டில் அல்லது பள்ளியில் உள்ள செடி ஒன்றை நான்கு வாரம் பேணி, அதன் மாற்றங்களை நாட்குறிப்பாக எழுதுக.