பைன் மரங்களுக்கு அப்பால்



மே மாதம் நெருங்கினாலே உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கொடைக்கானல் போகிறோம். பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட எங்கே கூட்டிப்போகலாம்?" பொழுதுபோக்குப் பூங்காவின் சிமெண்ட் குகையையும் பொம்மை யானையையும் பார்த்து வளரும் பிள்ளைகள் அசல் காட்டையும் பார்க்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் வேன்கள் வரிசையாகப் போய் நிற்பது பைன் காட்டில்தான். நெடுநெடுவென்ற மரங்களுக்கு நடுவே புகைப்படம், கையில் சுட்ட சோளம். அழகான இடம்தான். ஆனாலும் அது, 1906-இல் பிரையண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி நட்டு வளர்த்த தோப்பு. ஊர் நடுவே உள்ள ஏரியும் அப்படித்தான்; 1863-இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி கரைகட்டித் தேக்கியது. பைன் ஊசியிலைகள் மூடிய தரையில் வேறு செடிகள் அதிகம் முளைப்பதில்லை. பறவைச் சத்தமும் குறைவு. சற்று நேரம் பேசாமல் நின்றால் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொடைக்கானல் அமைந்திருக்கும் பழனி மலையின் சொந்தக் காடு சோலை. ஈரம் தங்கும் மலைமடிப்புகளில் குட்டையும் முறுக்குமாக மரங்கள் நெருங்கி நிற்கும். பட்டையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் படர்ந்திருக்கும். சோலையைச் சுற்றிப் புல்வெளி. இவை இரண்டும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் ஓடைகளில் கசியவிடுகின்றன. பழனி பக்தர்கள் நீராடும் சண்முகநதிக்கும் பெரியகுளத்து வராகநதிக்கும் இந்த மலைதான் தாய்.

புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி, யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்களைப் பெருமளவில் நட்டுவிட்டார்கள். குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான்.

இழந்ததை மீட்க உழைத்தவர்களும் உண்டு. பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கி, சோலை மரங்களுக்கென்றே நாற்றங்கால் வைத்துப் பல ஆண்டுகள் கன்று வளர்த்தார்கள். 2016-இல் இருவருமே மறைந்துவிட்டார்கள். இந்த மலைக்காடுகள் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் பெரிய ஆறுதல்.

ஆகவே என் பதில் இதுதான். பைன் காட்டில் அரைமணி நேரம் போதும். கொடைக்கானல் வருவதற்கான இ-பாஸை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதி பெற்றுப் பேரிஜம் சாலையில் போனால் மதிகெட்டான் சோலையை வழியிலேயே பார்க்கலாம். அங்கே பாட்டுப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம். காட்டுமாடு நின்றால் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள்; அது கடந்துபோகும்வரை விலகியே இருங்கள். திரும்பி வந்ததும், கேட்ட ஒலிகளையும் பார்த்த பூச்சி, பூ, பறவைகளையும் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழ்களில் அவற்றுக்கென ஒரு பக்கம் ஒதுக்கிக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்